அண்ணனுக்கு நோய் இல்லை என்று நெய்ச்சோறு ஆக்கிய நாள்

வெங்காயம் நெய்யில் பொன்னிறமாகிற வாசனை தெருமுனையிலேயே பிடித்துக்கொண்டது. லப்பைக்குடிக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியவள், வெயிலுக்குக் குடையை விரிக்கக்கூட மறந்து, அந்த வாசனைக்குப் பின்னாலேயே அம்மா வீட்டுக்கு நடந்தேன். பெருநாள் இல்லை. வீட்டில் கல்யாணப் பேச்சும் இல்லை. "கெளம்பி வா, அண்ணன் கூப்புடுது" என்று மட்டும்தான் அம்மா போனில் சொல்லியிருந்தாள். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரியாமல் அரியலூரிலிருந்து பஸ் மாறி வந்திருந்தேன்.

உள்ளே கரீம் அண்ணன் தேய்த்த வெள்ளைச் சட்டையும் புதுக் கைலியுமாக, நிக்காஹ்வுக்குக் காத்திருக்கிற மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தம்பி ஜாகிர். இரண்டு பேர் முகத்திலும் ஒரே சிரிப்பு.

"என்னண்ணே, விசா வந்துட்டா?"

"அதெல்லாம் இல்ல புள்ள. மறுபடியும் அன்ஃபிட்டு!" என்றார் அண்ணன், லாட்டரி விழுந்தவர் போல.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சமையல்கட்டிலிருந்து ரஹ்மத் மச்சி எட்டிப் பார்த்தார். மச்சி என்றால் அண்ணனின் மனைவி, எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் கண் கலங்கியிருந்தது, ஆனால் அது அழுகையில்லை. "ஒங்க அண்ணனுக்கு ஒண்ணுமே இல்லியாம் மும்தாஜு. அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

அன்ஃபிட் என்று வந்ததற்கு எதற்கு விருந்து? அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மெடிக்கல்

எங்கள் ஊரில் ஆண்பிள்ளையின் உடம்பைப் பற்றிக் கடைசித் தீர்ப்பைச் சொல்வது டாக்டர் இல்லை, 'மெடிக்கல்'. வளைகுடாவுக்குப் போகிறவர்கள் திருச்சிக்குப் போய் ரத்தமும் சிறுநீரும் நெஞ்சுப் படமும் கொடுத்துவிட்டு வருவதற்கு ஊர் வைத்த பெயர் அது. ஃபிட் என்று வந்தால் பெட்டி கட்டலாம். அன்ஃபிட் என்று வந்தால் அந்த வீட்டுப் பெண்கள் கொஞ்ச நாளைக்குக் குழாயடியில் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள். எதனால் அன்ஃபிட் என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்காமலேயே ஆளுக்கொன்றை நினைத்துக்கொள்வார்கள். அதற்குக் கேட்டே தொலைக்கலாம்.

அண்ணன் சவுதியில் ட்ரெய்லர் ஓட்டியவர். என் கல்யாணத்தைப் பற்றி இந்தத் தொடரில் எழுதியபோது, நான் மருமகளாகப் போன வீட்டில் எல்லார் கையிலும் கடிகாரம் இருந்தது என்று சொன்னேன் அல்லவா, அத்தனையும் அண்ணன் அனுப்பியதுதான். அத்தா, எங்கள் அப்பா, சீக்கிரமே மவுத்தாகிப் போய்ச் சேர்ந்துவிட்டதால் வீட்டுக்கு அவர்தான் எல்லாம். வருஷக்கணக்காக ஒரே கம்பெனியில் இருந்தார். முதன்முதலில் அவர் பயணம் போனபோது பிறகு அவர் ரத்தத்தில் கண்ட கிருமிக்குச் சோதனை செய்தார்களா இல்லையா என்று அவருக்கே தெரியாது.

அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். ஊருக்கு வந்தார். வேறு கம்பெனியில் விசா கிடைத்தது. புது விசா என்றால் புது மெடிக்கல். அதில்தான் சொன்னார்கள், ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் சி காட்டுகிறது என்று. கல்லீரலைத் தாக்குகிற கிருமி. அவ்வளவுதான் சொன்னார்கள். அதற்கு மேல் நின்று கேட்க அண்ணனுக்கும் தெம்பு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அவரை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு போய், கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"மஞ்சளே இல்லியே! பாலு மாதிரி இருக்கு. எந்தக் கண்ணவிஞ்சவன் காமாலைன்னு சொன்னான்?"

இருந்தாலும் கீழாநெல்லியைப் பறித்து வந்து அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். "காமாலையே இல்லேங்குற. அப்பறம் எதுக்கும்மா மருந்து?" என்று அண்ணன் கேட்டார். "வந்துடக் கூடாதுல்ல" என்றாள் அம்மா. அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்.

அண்ணனைப் பார்க்கச் சகிக்கவில்லை. பள்ளிவாசலுக்குப் போனால் கடைசி வரிசையில் நின்றுவிட்டு முதல் ஆளாக வெளியே வந்துவிடுவார். தன் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். யாரும் சொல்லவில்லை, அவராகவே செய்துகொண்டார். சாப்பிடுகிற தட்டில் இந்த நோய் ஒட்டாது என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அப்போதுதான் ஏஜெண்ட் ஒரு வழி சொன்னார். "ஒங்க தம்பி அப்புடியே ஒங்களாட்டமேதான் இருக்காரு பாய். வேற கம்பெனி விசாவுல மறுபடி மெடிக்கல் போடுவோம். போட்டோ எடுக்கையில நீங்க போங்க. ரத்தம் எடுக்குற ரூம்புல யாரு மொகத்த பாக்குறான்? டோக்கன தம்பிகிட்ட குடுத்துருங்க."

தப்புதான். ஆனால் எங்கள் ஊரில் இதைச் செய்த முதல் ஆள் அண்ணன் இல்லை. கைரேகையெல்லாம் இவ்வளவு கெடுபிடி இல்லாத காலம். ஜாகிருக்குப் பெரம்பலூரில் டைல்ஸ் கடை. டைல்ஸ் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவான், மூச்சு வாங்காது. தலைவலி என்று படுத்தவன் இல்லை. அவன் போய் அண்ணனின் டோக்கனைக் கொடுத்துக் கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டு வந்தான்.

வந்த பதில், அன்ஃபிட். காரணம் அதே ஹெபடைட்டிஸ் சி.

விருந்துக் கணக்கு

இப்போது எங்கள் வீட்டார் போட்ட கணக்கைப் பாருங்கள்.

ஜாகிர் திடகாத்திரமான பையன். அவன் ரத்தத்திலேயே கிருமி இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் சோதனை பொய். சோதனை பொய் என்றால் முதல் தடவை சொன்னதும் பொய். ஆகவே அண்ணனுக்கு நோய் இல்லை. ஏஜெண்டும் தன் பங்குக்கு ஒத்து ஊதினார். "ஒரு தடவ கம்ப்யூட்டர்ல பேரு ஏறிட்டா அவ்வளவுதான் பாய். அப்பறம் யாரு ரத்தத்த வச்சாலும் அன்ஃபிட்டுன்னுதான் அடிப்பான்."

பயணம் போச்சு, ஆனால் உயிர் இருக்கிறது. அதற்குத்தான் நெய்ச்சோறு. அண்ணன் அன்றைக்குத் தன் தனித்தட்டைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, ஜாகிரோடு ஒரே சகனில், அந்தப் பெரிய தாம்பாளத்தில், கைவைத்துச் சாப்பிட உட்கார்ந்தார்.

நான் கணக்கு டீச்சர். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டேன்.

"ஏண்ணே, ஒருவேள ரெண்டு பேருக்குமே இருந்துச்சுன்னா?"

சகனில் எல்லார் கையும் நின்றுவிட்டது. அம்மாதான் முதலில் பேசினாள்.

"வாயில வசம்ப வச்சுத் தேய்க்க. நல்ல நாளும் அதுவுமா பேசுற பேச்சப் பாரு!"

"அக்கா டீச்சர்ல. எதையும் ரெண்டால பெருக்கித்தான் பாக்கும்" என்றான் ஜாகிர். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன்தான் அதிகமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் பக்கம் ஒரு கறித்துண்டைத் தள்ளிவிட்டார்.

கிளம்பும்போது மச்சியைத் தனியாகக் கூப்பிட்டு, வேறு எங்காவது ஒருமுறை ரத்தம் பார்க்கச் சொன்னேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "வேணாம் மும்தாஜு. இத்தன மாசம் கழிச்சு நேத்துத்தான் ஒங்க அண்ணன் தூங்குனாரு. அத கெடுத்துறாத" என்றார். நான் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

அந்த நெய்ச்சோறு ருசியாக இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இது பொய்யாகிவிடும்.

சைக்கிளில் வந்த ஊசி

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது தெருவுக்கு ஒரு மனிதர் சைக்கிளில் வருவார். கம்பவுண்டர் என்பார்கள். எந்த ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தார் என்று ஒருவரும் கேட்டதில்லை. ஹேண்டில்பாரில் ஒரு தோல் பை தொங்கும். அதற்குள் எவர்சில்வர் டப்பா, டப்பாவுக்குள் கண்ணாடி சிரிஞ்சும் ஊசியும். சைக்கிள் பள்ளத்தில் ஏறி இறங்கும்போது அவை கிணுங்கும். அந்தச் சத்தம் கேட்டாலே நான் ஒளிய இடம் தேடுவேன்.

காய்ச்சலா, ஊசி. வயிற்றுவலியா, ஊசி. பெண்பிள்ளை மெலிந்து போயிருக்கிறாளா, அதற்குச் சிவப்பு மருந்தில் ஒரு சத்து ஊசி. எங்கள் ஊர் மட்டும் இல்லை, நான் வேலைக்குப் போன இடங்களில், திருமானூரில், மீன்சுருட்டியில், எங்கேயும் இதே கதைதான். மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புகிற டாக்டரை ஒருத்தரும் மதிப்பதில்லை. "ஊசி போடலியா? அப்பறம் எதுக்குப் போன?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். கேட்கிறவர்களை எனக்கு அறையலாம் போல இருக்கும்.

ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கம்பவுண்டர் வந்தால், "வந்ததுதான் வந்தீங்க, இதுங்களுக்கும் ஒண்ணு போட்டுருங்க" என்பாள் அம்மா. பாசம்தான், வேறென்ன? எதிர்வீட்டுப் பிள்ளைக்குப் போட்டுவிட்டு வந்த அதே ஊசி. வெந்நீர் தயாராக இருந்தால் ஒரு முக்கு முக்குவார். அவசரம் என்றால் பஞ்சில் துடைத்துக்கொள்வார்.

அண்ணன் முதலில் போய்ச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நிற்பார். எங்களுக்குத் தைரியம் வரட்டும் என்று. ஊசி ஏறும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பார். "பாத்தியா, வலிக்கவே இல்ல" என்பார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும். அண்ணன் செய்வதையெல்லாம் செய்கிற ஜாகிர் அடுத்துப் போய் நிற்பான்.

நான் கட்டிலுக்கு அடியில் இருப்பேன். வெங்காய மூட்டைக்குப் பின்னால் போய்க் கட்டில் காலைக் கட்டிப்பிடித்துக்கொள்வேன். அம்மா துடைப்பத்தை விட்டுக் குத்திப் பார்ப்பாள். அண்ணன் தரையில் படுத்து என் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு கெஞ்சுவார்.

"கண்ண மூடிக்க மும்தாஜு. மூடிக்கிட்டா வலிக்காது. அண்ணன் சொல்றேன்ல?"

நான் அசைய மாட்டேன். கம்பவுண்டருக்கு இன்னும் நாலு வீடு இருக்கும். "போவுது விடுங்க, இதுக்கு அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று கிளம்பிவிடுவார். பயந்தாங்கொள்ளி என்பதுதான் என் கல்யாணம் வரைக்கும் வீட்டில் என் பெயர்.

வெங்காய மண்டி

பயணம் இல்லை என்று ஆன பிறகு அண்ணன் ஒரு லோடு ஆட்டோ வாங்கினார். பெரம்பலூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து சின்ன வெங்காயத்தை மண்டிக்கு ஏற்றிக்கொண்டு போவார். பாலைவனத்தில் ட்ரெய்லர் ஓட்டியவருக்கு அது பொம்மை வண்டி. இருந்தாலும் முகம் கோணாமல் ஓட்டினார்.

ஒரு வருஷம் போயிருக்கும், கூடவும் இருக்கலாம். எப்போது போனாலும் அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். கால் வீங்கியது. "க்ளச்ச மிதிச்சு மிதிச்சு வீங்கிட்டு" என்றார். வயிறு முன்னே தள்ளியது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. அம்மாவுக்கு அதில் சந்தோஷம். "சவுதியில ஒட்டிக்கெடந்த வயிறு. இப்பத்தான் எங்கையால தின்னு ஒடம்பு தேறுது" என்று அக்கம்பக்கத்தில் சொன்னாள். கண்ணேறு படக் கூடாது என்று ஓதி ஊதினாள். அந்த வயிற்றில் இருந்தது சதை இல்லை, தண்ணீர். கல்லீரல் கெட்டால் வயிற்றில் தண்ணீர் சேரும் என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஒருநாள் காலையில் மண்டியில் மூட்டை இறக்கும்போது அண்ணன் ரத்தமாக வாந்தி எடுத்தார். வெற்றிலை எச்சில் என்றுதான் பக்கத்தில் இருந்தவர்கள் முதலில் நினைத்தார்களாம். அவர் வெற்றிலை போடுகிறவர் இல்லை. இரண்டாவது தடவை எடுத்தபோது வெங்காயச் சருகெல்லாம் நனைந்துபோனதாக ஜாகிர் சொன்னான். அவன்தான் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடித் தூக்கினவன்.

பெரம்பலூரில் பார்த்துவிட்டுத் திருச்சிக்கு அனுப்பினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது வாய்வழியாகக் குழாய் விட்டு, வெடித்த ரத்தக்குழாயில் வளையம் போட்டு நிறுத்தியிருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண் டாக்டர், சின்ன வயசுதான், அண்ணனின் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று கேட்டார்.

"கல்லீரல் சுருங்கிப் போச்சுங்க. ஹெபடைட்டிஸ் சி. இதுக்கு முன்னாடி யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்க மேடம். அது பொய்யின்னு நிரூபிச்சாச்சுங்க" என்றார் அண்ணன்.

அந்த நிலைமையிலும் அவருக்குக் கதை சொல்கிற உற்சாகம் வந்துவிட்டது. டோக்கனைத் தம்பியிடம் கொடுத்தது, தம்பி ரத்தம் கொடுத்தது, அதுவும் அன்ஃபிட் என்று வந்தது, எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். டாக்டர் கடைசிவரை கேட்டார். முடித்ததும் கட்டிலின் கால்மாட்டில் நின்ற ஜாகிரைப் பார்த்தார்.

"அந்த ரத்தம் குடுத்தது நீங்களா?"

"ஆமா மேடம்."

"இப்புடி ஒக்காருங்க. கைய நீட்டுங்க."

அண்ணனின் முகம் மாறியதை நான் பார்த்தேன். தனக்கு நோய் என்று சொன்னபோதுகூட அவர் அப்படி ஆகவில்லை. நெய்ச்சோற்றில் நான் கேட்ட கேள்வி அப்போதுதான் அவரிடம் போய்ச் சேர்ந்தது. "இவனுக்குமா?" என்றார். 

சவரக்கத்தி

ஜாகிருக்கும் இருந்தது. ஆனால் அவன் கல்லீரல் இன்னும் நன்றாக இருந்தது. கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி என் ரத்தத்தையும் எடுத்தார்கள். எனக்கு இல்லை. மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. மச்சி அங்கேயே உட்கார்ந்து அல்லாவுக்கு நன்றி சொல்லி ஷுக்ரு செய்தார். எனக்கு எந்தச் சந்தோஷமும் வரவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த வெங்காய மூட்டையின் வாடைதான் மூக்கில் வந்து நின்றது.

எதனால் வந்தது என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. பழைய ஊசியாக இருக்கலாம், பல் பிடுங்கியதாக இருக்கலாம், சவரக்கத்தியாக இருக்கலாம், இத்தனை வருஷம் கழித்து யாருக்கும் தெரியாது என்றார். இந்தக் கிருமி உள்ளே இருபது முப்பது வருஷம்கூடச் சத்தமில்லாமல் இருக்குமாம். அவர் சொல்வது சரிதான். ஆனால் எனக்குத் திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. நான் இன்றுவரை அந்தச் சைக்கிளைத்தான் திட்டுகிறேன்.

'பழைய ஊசி' என்ற வார்த்தை அம்மா காதில் விழுந்துவிட்டது. வார்டு வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான்தானே போடச் சொன்னேன்? எம் புள்ளைங்களுக்கு நான்தானே போடச் சொன்னேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அண்ணன் கையைக் காட்டி அவளைக் கிட்டே கூப்பிட்டார்.

"ஊசியெல்லாம் ஒண்ணுமில்லம்மா. ரியாத்துல ஒரு சலூன்ல சவரம் பண்ணையில வெட்டிட்டான். அவன் கத்திதான். எனக்கு நல்லா ஞாவகம் இருக்கு."

"அப்ப ஜாகிருக்கு? அவன் ரியாத்துக்குப் போனதே இல்லியே?"

அண்ணன் யோசிக்கக்கூட இல்லை. "லீவுல வந்தப்ப அவன் என் ரேசரத்தானேம்மா எடுத்து போட்டுக்குவான்? என்னாலதான் அவனுக்கு வந்துச்சு" என்றார்.

ஜாகிர் வாயைத் திறந்தான். அண்ணன் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். இரண்டு பேருடைய ரேசரும் எங்கள் வீட்டில் எப்போதும் தனித்தனிதான். அம்மா அதற்குப் பிறகு அந்த முகம் தெரியாத சலூன்காரனைச் சபித்துக்கொண்டே இருந்தாள். மவுத்தாகிற வரைக்கும் அவனைத்தான் சபித்தாள். அவள் இப்போது இல்லை. அதனால்தான் என்னால் இதை எழுத முடிகிறது.

ஒரே மாத்திரை

இந்த நோய்க்கு மருந்து இருக்கிறது. இதை எல்லாரும் கேட்கும்படி கத்திச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது எனக்கு. ஊசிகூட இல்லை, மாத்திரை. அரசு ஆஸ்பத்திரியில் சும்மா கொடுக்கிறார்கள். ஜாகிருக்கு மூன்று மாதம். அண்ணனுக்குக் கல்லீரல் கெட்டுவிட்டதால் அதைவிட நீளம். முதல் அன்ஃபிட் வந்த நாளிலேயே இந்த மாத்திரை இருந்தது. நாங்கள் நெய்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதும் திருச்சியில் அது இருந்தது.

அண்ணனை அரியலூரில் என் வீட்டில் வைத்துக்கொண்டேன். பஸ் குலுக்கல் அவருக்கு ஆகாது. இங்கேயிருந்து என்றால் திருச்சிக்கு ரயில். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற சாலைப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி வைத்தாலும் தூசி வந்துவிடும். அவர் அதைத் திறந்து வைக்கச் சொல்வார். லாரி போகிற சத்தத்தை வைத்தே, "இது ஓவர் லோடு. கியர மாத்தாம இழுக்குறான் பாரு, மடையன்" என்பார்.

விடிகாலை சுபுஹுத் தொழுகை முடிந்ததும் மாத்திரை. உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்ப்பார். "இத்தினியூண்டு இருக்கு" என்பார். பிஸ்மி சொல்லிவிட்டு விழுங்குவார். அதே நேரத்துக்கு லப்பைக்குடிக்காட்டில் ஜாகிரும் விழுங்குவான். விழுங்கியாச்சு என்று இரண்டு பேரும் போனில் சொல்லிக்கொள்வார்கள். அண்ணன் அவனை ஒருநாளும் மறக்க விட்டதில்லை. தனக்குப் போடுகிறாரோ இல்லையோ, அவனுக்காகத்தான் அவ்வளவு பிடிவாதம்.

ஜாகிரின் ரத்தத்தில் கிருமி இல்லை என்று முதலில் வந்தது. அண்ணன் ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் டாக்டர் முன்னாலேயே அழுதுவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார், "அப்ப இவன் இனிமே பயணம் போலாங்களா மேடம்?"

"அவங்க பாக்குற டெஸ்ட்டுல வந்துட்டுப் போனதுக்கான அடையாளம் காட்டிக்கிட்டேதாங்க இருக்கும். கிருமி போனாலும் அது போகாது. இல்லேன்னு நாங்க எழுதித் தரலாம். அவங்க ஒத்துக்குவாங்களான்னு தெரியல."

"ஆயுசுக்கும் அன்ஃபிட்டு" என்றார் அண்ணன் ஜாகிரைப் பார்த்து. "பரவால்லடா. ஆயுசு இருக்குல்ல."

அவருக்கும் பிறகு அதே பதில் வந்தது. கிருமி இல்லை. போனில் அம்மாவுக்கு அவரே சொன்னார். அம்மா உடனே நெய்ச்சோறு ஆக்க வேண்டும் என்றாள். மச்சி என் வீட்டுச் சமையல்கட்டில் நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னார், "அடுப்பத்தான் அணைச்சிருக்கு மும்தாஜு. சோறு அடிப்புடிச்சது அடிப்புடிச்சதுதானே?"

எனக்கும் அது தெரியும். கிருமி போன பிறகு சில பேருக்குக் கல்லீரல் மெல்லத் தேறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணனுடையது தேறுகிற கட்டத்தைத் தாண்டியிருந்தது. வயிற்றில் தண்ணீர் மறுபடி மறுபடி சேர்ந்தது. போய் எடுத்துவிட்டு வருவோம், திரும்பச் சேரும். மாற்றுக் கல்லீரல் என்ற பேச்சும் வந்தது, ஜாகிர் தன்னுடையதில் பாதியைத் தருகிறேன் என்று நின்றான். அவனுடையதை எடுக்க முடியாது என்றார்கள். என்னுடையதையும் பார்த்தார்கள். எனக்குச் சர்க்கரை இருந்தது. ஊசிக்குப் பயந்து ஒளிந்து காப்பாற்றிய உடம்பு அண்ணனுக்கு உதவவில்லை.

அம்மா வந்து நெய்ச்சோறு ஆக்கத்தான் செய்தாள். அண்ணன் உப்பு சேர்க்கக் கூடாது. அதனால் எல்லாருக்கும் உப்பில்லாமலே ஆக்கினாள். சகனைச் சுற்றி உட்கார்ந்து எல்லாரும் சாப்பிட்டோம். "நல்லா இருக்கும்மா" என்றார் அண்ணன். இரண்டு கவளத்துக்கு மேல் அவரால் முடியவில்லை. கறித்துண்டை எடுத்து என் பக்கம் தள்ளிவிட்டார்.

கட்டிலுக்கு மேலே

அண்ணன் ஒரு மழைக்காலத்தில் மவுத்தானார். ஆஸ்பத்திரியில்தான். கடைசிச் சில நாள் நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. கல்லீரல் வடிகட்டாத அழுக்கு மூளைக்கு ஏறுகிறது என்றார்கள். கட்டிலில் படுத்தபடியே, சவுதி ரோட்டில் ட்ரெய்லர் ஓட்டுவது போலக் கையால் ஸ்டியரிங்கைத் திருப்புவார். "டீசலு பத்தாது. தமாமுக்கு முன்னாடி பங்க் இருக்கா பாரு" என்று ஜாகிரிடம் கேட்பார். "இருக்குண்ணே" என்பான் ஜாகிர். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மச்சியைத் தெரிந்தது, அதுவும் விட்டு விட்டுத்தான்.

ஒரு பிற்பகலில் நர்ஸ் ரத்தம் எடுக்க வந்தார். அண்ணனின் கையில் நரம்பே கிடைக்கவில்லை. குத்திக் குத்திக் கன்றிப்போன கை. நர்ஸும் பாவம், தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கைய அசையாம புடிச்சுக்குங்கம்மா" என்றார். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு பெரிய ட்ரெய்லரை வளைத்துத் திருப்பிய கை, என் பிடிக்குள் அடங்கிக் கிடந்தது. ஊசியைப் பார்த்ததும் எனக்கு வழக்கம்போல ஓடிப்போய் ஒளியத் தோன்றியது. இந்த வயசிலும் போகாத பயம். அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

அண்ணன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நாள்கணக்கில் யாரையும் அப்படிப் பார்க்காதவர், என்னைத் தெரிந்துகொண்டுதான் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

"கண்ண மூடிக்க மும்தாஜு" என்றார். "மூடிக்கிட்டா வலிக்காது. அண்ணன் சொல்றேன்ல?"

அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் பேசவில்லை.

சின்ன வயசில் ஒருநாளும் அவர் சொன்னதைக் கேட்காதவள், அன்றைக்குக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். வலிக்கத்தான் செய்தது.